குறுவை வரப்பில் உளுந்து

குறுவை நெல் நடவுக்கு அண்டை வெட்டி (ஓரம் செதுக்கி) சேறு பூசிய வரப்பு காய்ந்து இறுகுமுன் உளுந்து ஊன்றிவிடுங்கள். ஓரடிக்கு ஒரு குழி, கட்டைவிரல் முதல் கணு ஆழம், குழிக்கு இரண்டு விதை. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றுவரப்பு ஏறக்குறைய 255 மீட்டர். ஒரு வரிசைக்கு 100 கிராம் விதை தாராளம். வம்பன் 8 போன்ற குறுகிய கால ரகம் நல்லது.

வயல் நீரின் கசிவே வேருக்குப் போதும், தனிப் பாய்ச்சல் வேண்டாம். 65 முதல் 75 நாளில், நெல் அறுவடைக்கு முன்பே காய் கறுத்துவிடும். இட்லிக்குப் போக மீதியை விற்கலாம். காலைப் பனி ஈரத்தோடு செடியைப் பிடுங்குங்கள். வெயில் ஏறினால் காய் வெடித்து மணி சேற்றில் சிதறும். மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கி எறியுங்கள், வெள்ளை ஈ அடுத்ததற்குக் கொண்டுபோய்விடும்.

ஓரடி அகலத்துக்கும் குறைவான நடைவரப்பில் வேண்டாம், மிதிபட்டே போகும். நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி தெளிப்பவர்களும் தவிர்க்கவும். சாரல் பட்டாலே உளுந்து இலை சுருண்டுவிடும். சம்பா வரப்புக்கும் இது ஒத்துவராது: பூக்கும் நேரத்தில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும்.