க்யூபிட்டும் ரெசொனேட்டரும்: ஆற்றலைக் கைமாற்றும் கணக்கு

முதலில் ஒரு கொடிக்கயிறு. ஒரே நீள நூலில் இரண்டு சாவிக்கொத்துகளை அதில் தொங்கவிட்டு, ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் அது அடங்கி மற்றது ஆடும். அப்புறம் ஆட்டம் திரும்பி வரும். ஒரு நூலைச் சுருக்கிப் பாருங்கள், இந்தக் கைமாற்றம் பெரிதும் குறைந்துவிடும். மீக்கடத்திச் சில்லிலும் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் குவாண்டம் சில்லு) இதே கதைதான். ஒரு கொத்து க்யூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. மற்றது ரெசொனேட்டர், அதாவது மைக்ரோ அலையைத் தேக்கிவைக்கும் சுற்று. கயிறு எப்போதும் கட்டியே இருக்கிறது. நம் கையில் இருப்பது நூலின் நீளம், அதாவது க்யூபிட்டின் அதிர்வெண்.

சரி, எக்செலைத் திறங்கள்.

படி 1: ரெசொனேட்டரின் அதிர்வெண் 6 கிகாஹெர்ட்ஸ், அது மாறாது. க்யூபிட்டில் இரண்டு ஜோசப்சன் சந்திகள் (இரு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு) கொண்ட வளையம் உண்டு. அதனூடே செல்லும் காந்தப்பாயத்தை மாற்றினால் க்யூபிட்டின் அதிர்வெண் நகரும். இணைப்பின் வலிமை 10 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: க்யூபிட்டை ரெசொனேட்டரின் அதிர்வெண்ணிலிருந்து 200 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வையுங்கள். இந்த இடைவெளிதான் விலக்கம். இணைப்பை இரட்டித்து வர்க்கமாக்கினால் 400. விலக்கத்தின் வர்க்கம் 40,000. 400-ஐ 40,400-ஆல் வகுத்தால் சுமார் 1 சதவீதம். க்யூபிட்டின் ஆற்றல் ரெசொனேட்டருக்குப் போகும் வாய்ப்பு இதைத் தாண்டாது. அதாவது குழாய் மூடியிருக்கிறது. இந்த நிலையில்தான் மைக்ரோ அலைத் துடிப்பால் க்யூபிட்டைக் கிளர்த்துவார்கள், அதாவது அதற்கு ஆற்றல் ஏற்றுவார்கள்.

படி 3: இப்போது கிளர்ந்த க்யூபிட்டை ரெசொனேட்டரின் அதிர்வெண்ணுக்கே கொண்டுவாருங்கள், விலக்கம் சுழி. எக்செலின் முதல் நெடுவரிசையில் 0 முதல் 100 வரை நானோ விநாடிகள். அடுத்த நெடுவரிசையில் 2 × பை × 0.01 × நேரம் (0.01 என்பது அந்த 10 மெகாஹெர்ட்ஸ்தான், கிகாஹெர்ட்ஸில்). அதற்கு சைன் எடுத்து வர்க்கமாக்குங்கள். வரைபடம் போட்டால் 25-ல் உச்சம், 50-ல் மறுபடி சுழி. அந்த 2 பையை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். நேரத்தை நீட்டிப் பார்த்தால் உச்சம் 157-ல் வந்து நின்றது. பாதி நாள் போச்சு!

படி 4: எப்போது நிறுத்துவது? 25-ல் க்யூபிட்டை மறுபடி தள்ளிவிட்டால் ஆற்றல் முழுதும் ரெசொனேட்டரில் தங்கும். எனக்குப் பிடித்தது 12.5. அங்கே நிறுத்தினால் ஆற்றல் இருவருக்கும் பொது. இரண்டும் குவாண்டம் பின்னலில் சிக்கியிருக்கும், அதாவது ஒன்றின் நிலையை மற்றதை விட்டுத் தனியாகச் சொல்ல முடியாது.

படி 5: ரெசொனேட்டரில் ஏற்கெனவே ஒரு ஃபோட்டான் (மைக்ரோ அலை ஆற்றலின் ஒரு துணுக்கு) இருந்தால்? கைமாற்றம் வர்க்கமூலம் 2 மடங்கு வேகமாகும், 17.7 நானோ விநாடி போதும். அடுத்ததற்கு வர்க்கமூலம் 3. இப்படி ஒவ்வொன்றாக ஏற்றித்தான் 2008-ல் கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் ஆறு ஃபோட்டான்கள் வரை அடுக்கினார்கள். ஆறாவதற்கு எத்தனை நானோ விநாடி என்று உங்கள் எக்செலிடமே கேளுங்கள், 10.2 வர வேண்டும்.