ஆண்களுக்கான பெர்ஃப்யூம்: உங்களுக்குப் பிடித்த மணத்தை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

மூடியைத் திறந்து ஒரு முறை முகர்ந்து பார்க்கிறோம், நன்றாக இருக்கிறது, வாங்கிவிடுகிறோம். பெரும்பாலான பெர்ஃப்யூம்கள் இப்படித்தான் வீட்டுக்கு வருகின்றன. அந்த நொடியில் மூக்கில் பட்டது, பாட்டிலில் உள்ளவற்றிலேயே மிக விரைவாக ஆவியாகும் பகுதி. எலுமிச்சை, பெர்கமாட், புதினா போன்ற இலேசான மணங்கள் சுமார் கால் மணி நேரத்தில் மங்கத் தொடங்கிவிடும். பிறகு லாவெண்டர், மல்லிகை, மிளகு போன்ற நடு மணங்கள் மேலே வந்து சில மணி நேரம் நிற்கும். மரம், பிசின், கஸ்தூரி, வனிலா ஆகிய கனமான அடி மணங்கள் மாலைவரை தங்கும். அதாவது, நாளின் பெரும்பகுதி உங்களோடு இருக்கப்போகும் மணத்தை முகராமலேயே பணம் கொடுத்துவிடுகிறோம்.

கீழே உள்ள படிகள் எல்லாம் இதைத் தவிர்ப்பதற்காகத்தான். தங்கும் மணத்தை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். சில வாரங்கள் ஆகும். அவசரப்படாதீர்கள், இந்தத் தேடலே மிக இனிமையானது.

படி 1: மூக்கு ஏற்கெனவே விரும்புவதை எழுதி வையுங்கள்

பெர்ஃப்யூமை மறந்துவிட்டு, அன்றாட வாழ்வில் உங்களை ஒரு கணம் நிற்க வைக்கும் மணங்கள் எவை என்று யோசியுங்கள். பென்சில் சீவும்போது எழும் மணமா? அப்படியானால் சீடர் மரம் உங்களுக்குப் பிடிக்கும். காய்ந்த புல்லின் இதமான இனிப்பு பிடித்தால் அதே மணமுள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் சேர்ந்தவற்றைத் தேடலாம். ஈர மண்ணும் வேர்களும் என்றால் வெட்டிவேரும், மண்வாசம் உள்ள பச்சௌலி இலையும். இப்போதுதான் துவைத்து உலர்த்திய துணியின் மணம் என்றால் அது பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரிகளின் வேலை. தோல் செருப்பு, புகை, கிராம்பு, முகச்சவர நுரை என்று எதுவானாலும் எழுதுங்கள்.

பிடிக்காதவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது பட்டியல்தான் அதிகம் உதவும். இனிப்பான மணம் தலைவலி தருகிறது என்று தெரிந்தாலே சந்தையில் பாதி விலகிவிடும்.

படி 2: மணக் குடும்பத்துக்கு ஒன்று என முகர்ந்து பாருங்கள்

புதியவர்களைத் திணற வைப்பது எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் பெயர்கள் இருந்தாலும் ஆண்களுக்கென விற்கப்படுபவை சில மணக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் புகழ்பெற்ற ஒன்றை முகர்ந்து பார்த்தால், மற்றவற்றைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இவற்றை வாங்கச் சொல்லவில்லை. மூக்குக்கு இவை பாடம்.

முதலில் சிட்ரஸ். இதன் வேர் பழையது: ஃபரினா குடும்பத்தின் நிறுவனம் ஜெர்மனியின் கொலோன் நகரில் 1709இல் தொடங்கியது. அந்த நகரத்தின் பெயரால்தான் இன்றும் கொலோன் என்கிறோம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், ரோஸ்மேரி என்று புத்துணர்ச்சி தரும். ஆனால் சீக்கிரம் போய்விடும். இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவற்றில் டியோர் நிறுவனத்துக்காக எட்மோன் ரூத்னிட்ஸ்கா 1966இல் உருவாக்கிய ஓ சவாஜ் முக்கியமானது. எலுமிச்சையோடு ஹெடியோன் என்ற மூலக்கூறைச் சேர்த்தார். அது மல்லிகையின் சாயல் உடையது, காற்றோட்டமானது. ஆண்களின் பெர்ஃப்யூமுக்குள் மல்லிகை இவ்வளவு இயல்பாக அமர்ந்திருப்பதைப் பார்த்தால், "ஆண்களுக்கு", "பெண்களுக்கு" என்ற சீட்டுகளை நம்பித் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

அடுத்தது ஃபூஜேர். ஆண்களின் மணம் என்று பலரும் மனத்தில் வைத்திருப்பது இதைத்தான்: லாவெண்டர், கூமரின், ஓக் மரங்களில் பாசிபோலப் படரும் லைக்கனிலிருந்து எடுக்கும் ஓக்மாஸ். வேதியியலாளர் வில்லியம் பெர்கின் 1868இல் கூமரினை ஆய்வகத்தில் தயாரித்தார். அதைப் பயன்படுத்தி 1882இல் பால் பார்கே, ஊபிகான் நிறுவனத்துக்காக ஃபூஜேர் ருவாயால் என்ற பெர்ஃப்யூமைச் செய்தார். இந்தக் குடும்பத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. சவரம் முடித்த முகத்தின் சுத்தமான மணம் பிடித்தவர்கள் இங்கே நிறைய நேரம் செலவிடலாம். 1982இல் வந்த ட்ராக்கார் நுவார் இதன் கூர்மையான வடிவம். 1995இல் பிரான்சிஸ் குர்க்ஜான் செய்த லெ மால் அதே லாவெண்டரை வனிலாவோடு இணைத்து இனிப்பாக்கியது. இரண்டையும் அடுத்தடுத்து முகர்ந்து பாருங்கள். ஒரே லாவெண்டர் எப்படி வேறு வேறு ஆளாக மாறுகிறது என்று புரியும்; உங்களுக்கு எந்தப் பக்கம் சாய்வு என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கடல் சார்ந்த மணங்கள் 1980களின் இறுதியில் பரவின. டாவிடாஃபின் கூல் வாட்டர் 1988இல் வந்தது, அர்மானியின் அக்வா டி ஜியோ 1996இல் வந்தது. இந்த வகையில் அடிக்கடி பயன்படும் கலோன் என்ற மூலக்கூறு கடற்காற்றையும் தர்ப்பூசணியையும் ஒருசேர நினைவூட்டும். வெயில் காலத்துக்கு ஏற்றவை, யாரையும் உறுத்தாதவை.

மர மணங்கள்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை. கெர்லானின் வெட்டிவேர் பெர்ஃப்யூமையும், 2006இல் ஜான் க்ளோத் எலெனா செய்த தெர் தெர்மேஸையும் முகர்ந்து பாருங்கள். முன்னது வேரும் புகையிலையும் கலந்த பசுமை. பின்னது ஆரஞ்சும் மிளகும் உலர்ந்த மரமும். இரண்டும் முதல் முகர்தலில் கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

கடைசியாக ஆம்பர்: வனிலா, பிசின்கள், இலவங்கப்பட்டை போன்ற வெப்பமான மணங்கள். குளிருக்கும் இரவுக்கும் பொருந்தும், வெயிலில் கனக்கும். பெயர் ஒத்திருந்தாலும் இதிலிருந்து வேறான ஆம்ப்ராக்ஸான் என்ற மூலக்கூறு, அண்மைக் காலத்தில் பல தயாரிப்புகளில் தூக்கலாக இருக்கும். டியோரின் 2015ஆம் ஆண்டு சவாஜ் அதற்கு நன்கு தெரிந்த உதாரணம். உலர்ந்த, சற்று உப்புத்தன்மை கொண்ட, மிக நீண்ட நேரம் தங்கும் மணம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலருக்குத் தோல் ஒவ்வாமை ஏற்படுவதால் ஓக்மாஸ் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பல பழைய பெர்ஃப்யூம்களின் கலவை மாற்றப்பட்டது. ஆகவே பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய வர்ணனை இன்றைய பாட்டிலுக்குப் பொருந்தாமல் போகலாம்.

படி 3: முதலில் காகிதம்

ஒரு நாளில் நான்கு அல்லது ஐந்து போதும். அதற்குமேல் மூக்கு சோர்ந்துவிடும். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். சோதனைக் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு ஒரு முறை தெளியுங்கள். ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள். காகிதத்தை மூக்கில் ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து முகருங்கள். மூக்கைத் தெளிவாக்கக் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். அது வெறும் காற்றைவிட அதிகமாக உதவுவதில்லை. வெளியே சென்று சிறிது நேரம் நில்லுங்கள், அல்லது பெர்ஃப்யூம் படாத உங்கள் சட்டைக் கையை முகருங்கள்.

காகிதங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். மறுநாள் காலையில் எதை மறுபடியும் முகரத் தோன்றுகிறதோ அது அடுத்த படிக்குப் போகட்டும்.

படி 4: பிறகு தோல்

காகிதத்துக்கு வெப்பமும் இல்லை, எண்ணெய்ப்பசையும் இல்லை. அதனால் அதில் நன்றாக இருப்பது உங்கள் தோலிலும் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. வலது மணிக்கட்டில் ஒன்று, இடது மணிக்கட்டில் ஒன்று, அவ்வளவுதான். அன்று வேறு மணமுள்ள லோஷன் பூச வேண்டாம். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்கவும் வேண்டாம்: இரண்டும் கலந்துவிடும், சூட்டில் மேல் மணமும் விரைவாகப் போய்விடும்.

பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, நான்கு மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் முன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். தொழில்முறைச் சொற்கள் தேவையில்லை. "பழைய மர அலமாரி", "சோப்பு, கொஞ்சம் அதிகம்", "பள்ளிக்கூட நினைவு" என்று உங்கள் மொழியிலேயே இருக்கட்டும். நான்காம் மணி நேரத்து வரிக்குத்தான் மதிப்பு அதிகம். தொடக்கம் பிரமாதம், முடிவு சலிப்பு என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழுவிவிட்டு அந்தப் பெயரையும் அடித்துவிடுங்கள்.

உலர்ந்த தோலில் மணம் சீக்கிரம் போகும். மணமற்ற மாய்ஸ்சரைசரை முதலில் பூசினால் சற்று அதிக நேரம் நிற்கும்.

படி 5: பாட்டில்மேல் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஓ டி கொலோன் என்றால் மண எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம். ஓ டி டாய்லெட் சுமார் 5 முதல் 15, ஓ டி பெர்ஃப்யூம் 15 முதல் 20, பர்ஃபம் அதற்கும் மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை மாறும். அடர்த்தி கூடினால் தரம் கூடியது என்று பொருளல்ல. ஒரே பெயரில் வரும் இரு அடர்த்திகள் பல சமயம் கலவையிலேயே வேறுபடும். ஆகவே ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றொன்றை வாங்காதீர்கள்.

படி 6: சிறு குப்பியோடு ஒரு வாரம்

இதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். நான் வலியுறுத்துவதும் இதைத்தான். பிடித்தவை ஒன்றாகக் குறைந்துவிட்டால் அதன் 2 மில்லி சாம்பிளை வாங்குங்கள். ஒரு தெளிப்பு ஏறக்குறைய 0.1 மில்லி என்பதால் இருபது தெளிப்புகள் கிடைக்கும். ஒரு வாரத்துக்குப் போதும். அலுவலகம், வெயில், மழை, ஓய்வு நாள், களைத்துப்போன மாலை என்று எல்லாவற்றிலும் போட்டுப் பாருங்கள். வார இறுதியில் சலிப்புத் தட்டினால் 100 மில்லியை எப்படித் தீர்ப்பீர்கள்?

இந்த வாரத்தில் இன்னொன்றும் தெரியவரும். தொடர்ந்து இருக்கும் மணத்தை மூக்கு கவனிக்காமல் விட்டுவிடும். சிலருக்குச் சில கஸ்தூரி மூலக்கூறுகள் பிறவியிலேயே தெரிவதில்லை. "மணமே வரவில்லை" என்று இன்னும் இரண்டு முறை தெளிக்கும் முன், உங்களோடு இருப்பவரிடம் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத மணம் அவருக்கு அறை முழுவதும் தெரியலாம். யாரிடம் கேட்கலாம் என்றால், பொய் சொல்லாதவரிடம். பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். பிடிப்பது உங்கள் விஷயம்.

படி 7: வாங்குதல், வைத்திருத்தல்

முதல் பாட்டில் 30 அல்லது 50 மில்லி போதும். நாளுக்கு மூன்று தெளிப்பு என்றால் 50 மில்லி ஐந்து மாதத்துக்கு மேல் வரும். அதற்குள் ரசனை மாறலாம், மாறட்டும். கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று, தேவையானால் சட்டையில் ஒன்று என்று தொடங்குங்கள். துணியில் மணம் தோலைவிட நீண்ட நேரம் நிற்கும், ஆனால் வெளிர் நிறத் துணியில் கறை படியலாம். துணியின் உட்புறம் தெளிப்பது நல்லது. மூடிய அறையில் பிறரோடு வேலை செய்பவராக இருந்தால் இரண்டு தெளிப்புக்குமேல் வேண்டாம். அருகில் அமர்ந்திருப்பவருக்கு ஒற்றைத் தலைவலியோ ஆஸ்துமாவோ இருக்கக்கூடும்.

பாட்டிலைக் குளியலறையிலும் ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள். வெப்பமும் வெளிச்சமும்தான் பெர்ஃப்யூமைக் கெடுப்பவை. மேல் மணங்கள், முக்கியமாகச் சிட்ரஸ், முதலில் புளித்துப்போகும். வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே போட்டு அலமாரியில் வையுங்கள். நீங்கள் எழுதிய குறிப்புகளைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டாவது பாட்டில் தேடும்போது முதல் பாட்டிலிலிருந்து மிகவும் விலகிய குடும்பத்திலிருந்து தொடங்குங்கள்: மர மணம் இருந்தால் அடுத்தது சிட்ரஸோ கடல் மணமோ. இதில் நீங்கள் நிராகரித்த பெயர்களையும் ஓர் ஆண்டு கழித்து ஒரு முறை காகிதத்தில் முகர்ந்து பாருங்கள்.