மல்லியைக் கொதிக்க வைக்காதீர்கள்: பூ மணக்கும் இஞ்சி சோடாவில் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். "அண்ணே, குடிச்சுப் பாருங்க. மல்லி போட்ட இஞ்சி சோடா."

நுரை அருமையாக வந்திருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் கீரை அவித்த தண்ணீரின் வாடை.

"எப்ப பூ வாங்குன?"

"காலைல ஆறு மணிக்குண்ணே, மாட்டுத்தாவணில. வந்ததும் கொதிக்கிற தண்ணில போட்டுட்டேன்."

எட்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. இந்த ஒரு வருடத்தில் இதே கதையைச் சொன்ன நான்காவது ஆள் இவன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஐரோப்பாவில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் மூலிகைகளைப் போட்டுத்தான் ஏல் என்ற பீரைக் காய்ச்சினார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே வீட்டில் பீர் காய்ச்ச ஆசைப்படுகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். நான் செய்வது அதன் தங்கை முறை: இஞ்சித் தோலில் இயல்பாக இருக்கும் ஈஸ்ட்டைச் சர்க்கரை கொடுத்து வளர்த்து (இதுதான் இஞ்சி நொதி), அதைக் கொண்டு லேசாகப் புளிக்க வைத்து, பொங்கியதும் ஃபிரிட்ஜில் அடக்கிவிடும் சோடா.

பாட்டிலை வெந்நீரில் அலசுங்கள், கையைக் கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

மல்லியை அடுப்பில் ஏற்றுவது

தை முகூர்த்த நேரம். குளிரில் பூ வரத்து குறைந்து, மல்லி விலை ஏறிக் கிடந்தது. அரைக் கிலோ வாங்கினேன். ஆயிரத்து இருநூறு ரூபாய். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி, அதைப் போட்டால் மணக்காமல் எங்கே போகும் என்ற நம்பிக்கை. இரண்டு லிட்டர் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்க விட்டேன். மொட்டுகள் சுருண்டு பழுப்பாயின. தண்ணீர் மஞ்சளித்தது. வாயில் வைத்தால் கசப்பும் பச்சை வாடையும். சர்க்கரை சேர்த்தேன், எலுமிச்சை பிழிந்தேன், புளிக்கவும் வைத்தேன். எதுவும் அதைக் காப்பாற்றவில்லை. அத்தனையையும் வாய்க்காலில் ஊற்றினேன். அந்தப் பூவைப் பறிக்க விடியற்காலையில் யாரோ தோட்டத்தில் குனிந்து நின்றிருப்பார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

தவறு எங்கே என்று புரிய எனக்கு வெகுநாள் ஆனது. மல்லியை வெயில் ஏறுமுன் மொட்டாகப் பறிக்கிறார்கள். அந்த மொட்டில் மணம் மிகக் குறைவு. லினலூல், பென்சைல் அசிடேட் போன்ற மணப்பொருள்களில் பெரும்பகுதி, மாலையில் இதழ் விரியும் நேரத்தில்தான் உண்டாகி வெளியே வருகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியாததா? மதியம் தொடுத்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, சாயங்காலம் தலையில் வைத்தால் பஸ் முழுக்க மணக்கும். காலையில் அதே சரத்தை மூக்கருகே கொண்டுபோனால் இலை வாடைதான் வரும். ஆறு மணிக்கு வாங்கிய மொட்டை ஏழு மணிக்கு வெந்நீரில் போடுகிறவர், மணம் பிறப்பதற்கு முன்பே பூவைக் கொன்றுவிடுகிறார். விரிந்த பூவைப் போட்டாலும் கொதியில் நிற்காது, ஆவியோடு போய்விடும். சமையலறை மணக்கும், பாத்திரத்தில் கசப்பு தங்கும்.

எனக்கு வழி காட்டியது அப்பத்தாவின் மண்பானை பற்றிய நினைவு. கோடையில் பொழுது சாய்ந்ததும் தண்ணீரில் நாலைந்து மல்லியை மிதக்க விட்டு மூடிவைப்பார். விடிந்ததும் எடுத்துவிடுவார். மறந்துபோனால் "பூ அழுகிருச்சுடா, தண்ணிய ஊத்து" என்று எங்களைத்தான் விரட்டுவார். தாய்லாந்தில் இனிப்புக்கான தண்ணீரை இப்படித்தான் மணக்க வைக்கிறார்கள். சீனாவில் ஃபூஜோ நகரத்து மல்லித் தேநீரும் இதே தத்துவம்தான்: விரியும் மொட்டுகளோடு தேயிலையை இரவில் கலந்து வைத்து, பிறகு பூவைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். எங்குமே பூவை வேக வைப்பதில்லை.

இப்போது நான் செய்வது இது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுவதும் ஆறவிடுகிறேன். மாலை ஏழு மணிக்கு, இதழ் நுனி விலகத் தொடங்கிய முப்பது நாற்பது மொட்டுகளைக் காம்பும் பச்சைப் புல்லியும் நீக்கி, அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் மிதக்க விடுகிறேன். அமுக்கக் கூடாது, பூவின் முகம் மேலே பார்க்க வேண்டும். தட்டுப் போட்டு மூடிவிட்டால் இரவில் உள்ளே பூ முழுவதும் மலரும். காலை ஐந்து மணிக்கு மூடியைத் தூக்கும்போது தட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அந்தத் துளியை நாக்கில் வைத்தால்கூட மல்லி தெரியும். இதழோரம் பழுப்பேறுவதற்குள் பூவை எடுத்துவிட வேண்டும். இன்னும் மணம் வேண்டுமென்றால் தண்ணீரைப் பகலில் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் இரவும் புதுப்பூ போடலாம்.

இந்த மணத்தண்ணீரைப் புளிப்பின் தொடக்கத்தில் ஊற்றுவது இதே தவறின் இரண்டாம் பாதி. ஈஸ்ட் வேலை செய்யும்போது மேலே கிளம்பும் கரியமில வாயு, மணத்தையும் சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஏல் காய்ச்சுகிறவர்களுக்கு இது பழைய பாடம். ஹாப்ஸும் பூதான், தொடக்கத்தில் கொதிக்க விட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் மணம். அதனால் இஞ்சிக் கரைசலைப் பாதித் தண்ணீரில் கெட்டியாகச் செய்து, துணி கட்டி இரண்டு நாள் தனியாகப் புளிக்க விடுங்கள். பாட்டிலில் அடைக்கும் நேரத்தில் மல்லித் தண்ணீரை மீதிப் பாதியாகச் சேருங்கள். மொத்தக் கணக்கில் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை, கால் கப் இஞ்சி நொதி. அதற்கு மேல் வேண்டாம்.

மருந்தடித்த பூ

மார்க்கெட் பூ தலைக்கும் சாமிக்கும் வளர்த்தது. மொட்டுப்புழு மல்லியை விடாமல் தாக்கும். விவசாயி மருந்தடிக்காமல் இருக்க முடியாது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பூவைக் குடிக்கிற தண்ணீரில் போடுவது நம் தவறு. அலசினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். என் மாடியில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறேன். வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும்தான் தெளிப்பேன். பங்குனி தொடங்கி ஆனி வரை, மாதம் இரண்டு முறை செய்யும் அளவுக்குப் பூக்கிறது. தொட்டி இல்லாதவர்கள் மல்லியை விட்டுவிட்டு வெட்டிவேருக்கு வாருங்கள்.

வேரையும் பூ மாதிரி நடத்துவது

மல்லிப் பாடத்தைக் கேட்ட ஒருவர் நன்னாரியையும் பச்சைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டுக் காத்திருந்தார். வேர் அப்படி இறங்காது. நன்னாரியைத் தட்டி, நடுவிலுள்ள கட்டை நரம்பை உருவி எறிந்துவிட்டுத் தோல் பகுதியை மட்டும் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். வெட்டிவேருக்கு மண் போக நாலு தண்ணீர் அலசல் வேண்டும்; பிறகு பானைத் தண்ணீரில் ஒரு நாள். துளசியை அடுப்பை அணைத்தபின் போட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது

குளோரின் ஈஸ்ட்டை ஒடுக்கும். முதல் நாள் இரவே திறந்த பாத்திரத்தில் பிடித்து வையுங்கள்.

பித்தளை, செம்பு, அலுமினியம்

புளிப்புக்கு ஆகாது.

பெயர் தெரியாத பூ

போடாதீர்கள். அரளி உயிரை எடுக்கும்.

மே மாதத்தில் கண்ணாடி பாட்டில்

வெளிநாட்டுச் செய்முறையில் "அறை வெப்பத்தில் ஐந்து நாள்" என்று இருக்கும். அந்த அறை 20 டிகிரி. சித்திரைத் திருவிழா நேரத்தில் நம் சமையலறை 35 டிகிரிக்குக் குறையாது. இங்கே நொதி இரண்டாம் நாளே நுரைக்கும். பாட்டிலில் அடைத்தபின் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அழகுக்கு வாங்கும் சதுரக் கண்ணாடி பாட்டில் அழுத்தம் தாங்காது. எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் ராத்திரி ஒன்று வெடித்து, சில்லு எதிர்ச் சுவர் வரை பறந்தது. குழந்தை பக்கத்து அறையில் தூங்கியதால் தப்பித்தது. கழுவிய பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். விரலால் அழுத்திப் பார்த்துக் கல் மாதிரி இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டும். வெளியூர் போகிற அன்று பாட்டிலில் அடைக்கவே அடைக்காதீர்கள்.

மருந்து என்று சொல்லிக் கொடுப்பது

மல்லி வாசனையோடு ஒரு டம்ளர் குடித்தால் எனக்கு மனம் தணிகிறது, மாடியில் உட்கார்ந்து வைகைக் காற்றை வாங்கத் தோன்றுகிறது. அது என் அனுபவம். பக்கத்து வீட்டு அக்காவின் தூக்கமின்மைக்கு இதை மருந்தாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இன்னொன்று: ஈஸ்ட்டால் புளித்த எதிலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், வெளியே விட்டுவைத்த ஒவ்வொரு நாளும் அது ஏறும். அதனால் என் வீட்டில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதைத் தருவதில்லை. அவர்களுக்குப் புளிக்க வைக்காத மல்லித் தண்ணீரில் பனங்கற்கண்டு கரைத்துக் கொடுத்துவிடுவேன். பாட்டிலின் மேல் அடைத்த தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.