கார்பன் ஃபைபர் பானெட் மாட்டுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்காக

காரின் எஞ்சினை மூடும் பழைய பானெட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு மணி நேரம் போதும். அதை நேராக உட்காரவைக்கத்தான் மீதி நேரம் முழுக்கப் போகும். முதல் தடவை செய்தபோது எனக்கு இது தெரியவில்லை. போல்ட்டுகளை முறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துப் பானெட்டை மூடிவிட்டேன். பானெட்டின் அடியில் இருக்கும் கொக்கி கோணலாக லாக்கில் சிக்கிக்கொண்டது. உள்ளே இருக்கும் லீவரை எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை. கிரில்லைக் கழற்றி, இடுக்கு வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு லாக்கை விடுவிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அதனால் மூடும் கட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாங்கும் முன்

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பின் எடை சுமார் 7.8 கிராம், அதே அளவு கார்பன் ஃபைபர் (கார்பன் இழைத் துணியை ரெசின் என்ற பிசினில் இறுக்கியது) 1.6 கிராம்தான். ஆனால் பானெட்டின் எடையும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். விலை குறைந்தவற்றில் மேலே ஒரு அடுக்கு மட்டும் கார்பன், அடியில் கண்ணாடி இழையும் ரெசினும் இருக்கும். துணியில் ரெசினை ஈரமாகப் பூசிச் செய்யும் இந்த வகையை 'வெட் கார்பன்' என்பார்கள். ரெசின் ஏற்கெனவே ஊறிய துணியை அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்கிச் செய்வது 'டிரை கார்பன்'. எடை இன்னும் குறைவு, விலை பல மடங்கு. மஸ்டா எம்எக்ஸ்-5 போலச் சில கார்களில் கம்பெனி பானெட்டே அலுமினியம்தான். அப்படியானால் எடை பெரிதாகக் குறையாது, தோற்றத்துக்காக மட்டும் மாற்றுகிறோம் என்று தெரிந்தே வாங்குங்கள்.

இன்னொன்றை அவசியம் பாருங்கள். சில கார்களில் பாதசாரி மீது மோதினால் பானெட் தானாக மேலே எழும்பும். அதன் கீல் அருகே வெடிமருந்து வைத்த கருவி இருக்கும். உங்கள் கார் கையேட்டில் அப்படி ஏதாவது போட்டிருந்தால் தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள், பயிற்சி உள்ளவரிடம் விடுங்கள். இரும்பு பானெட் விபத்தில் நடுவில் மடங்கும்படி வடிவமைக்கப்பட்டது. மாற்றுப் பானெட் அப்படி மடங்கும் என்று சொல்ல முடியாது. இன்ஷூரன்ஸிலும் இந்த மாற்றத்தைச் சொல்லிவிடுவது நல்லது.

கழற்றுவது

இது ஒருவர் செய்யும் வேலை இல்லை. துணைக்கு ஆள் வரும்வரை போல்ட்டைத் தொடாதீர்கள். சாக்கெட் செட் (பெரும்பாலும் 10 அல்லது 12 மி.மீ.), மாஸ்கிங் டேப், தடித்த துணிகள், மார்க்கர், இவை போதும்.

முதலில், மூடிய நிலையில் பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகடு) நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் மூன்று மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள். பிறகு திறந்து, ஃபெண்டர் விளிம்புகளில் டேப் ஒட்டி, பானெட்டின் பின்மூலைகளுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே துணியை மடித்து வையுங்கள். கடைசி போல்ட் வெளியே வரும் நொடியில் பானெட் பின்னால் சரியப் பார்க்கும். பெயின்ட் பெயர்வதும் கண்ணாடியில் விரிசல் விழுவதும் அப்போதுதான்.

வைப்பர் தண்ணீர்க் குழாயையும், நாசிலுக்கு ஒயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள். கீல் பானெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். அப்புறம் துணையாளர் தாங்கிப் பிடிக்க, கீழ் போல்ட்டை முதலிலும் மேல் போல்ட்டைக் கடைசியிலும் எடுத்து, இருவருமாக நேரே மேலே தூக்குங்கள். பழைய பானெட்டைப் படுக்கவைக்காமல் துணி விரித்துச் சாய்த்து வையுங்கள். அதை விற்கவும் வேண்டாம், எப்போதாவது தேவைப்படும்.

மாட்டுவது

நாசில், குழாய், ரப்பர் பீடிங், கொக்கி எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுங்கள். எங்காவது துளை போட வேண்டியிருந்தால் மாஸ்க், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். கார்பன் தூள் தோலில் நமநமவென்று அரிக்கும், மின்சாரமும் கடத்தும். அதனால் காரிலிருந்து தள்ளி வைத்துத் துளையிடுங்கள். கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். இடையில் பிளாஸ்டிக் வாஷர் கொடுத்துவிடுங்கள்.

கீலில் போல்ட்டுகளைக் கையாலேயே திருகி, பானெட் கொஞ்சம் நகரும் அளவுக்கு லூசாக விடுங்கள். உங்கள் காரில் கேஸ் ஸ்ட்ரட் (பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் வாயுத் தண்டு) இருந்தால் அந்தப் பழையதை மாட்டாதீர்கள். இரும்பின் கனத்துக்காகச் செய்த ஸ்ட்ரட் லேசான பானெட்டைத் தள்ளித் தள்ளி வளைத்துவிடும். சக்தி குறைந்த ஸ்ட்ரட்டோ, சாதாரணத் தாங்கு கம்பியோ போதும்.

முதல் தடவை மூடுவது

சரி, இப்போது அந்தக் கட்டம். மாட்டிய கொக்கியை மறுபடி கழற்றிவிடுங்கள். கொக்கி இல்லாமல் மூடினால் லாக்கில் சிக்க வழியே இல்லை. பானெட்டை மெதுவாக இறக்கி, எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 6 மி.மீ. இருந்தால், திறந்து, கீலில் 1 மி.மீ. நகர்த்தி, மறுபடி இறக்குங்கள். பின்பக்கம் ஒரு சின்ன நகர்வு முன்முனையில் பெரிதாகத் தெரியும் என்பதால் அவசரப்படாதீர்கள். நான் இதைப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்தேன். உயரம் சரியில்லை என்றால் முன்னால் பானெட் உட்காரும் சின்ன ரப்பர் பம்பர்களை (காரின் பம்பர் அல்ல) திருகி ஏற்றி இறக்கலாம்.

இடைவெளி ஒத்துவந்ததும் போல்ட்டுகளை முறுக்குங்கள். கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கும் விசை) அளவைத் தாண்ட வேண்டாம், ரெசின் நசுங்கும். பிறகு கொக்கியை லூசாக மாட்டி, லாக்கின் நடுவே இறங்குகிறதா என்று பார்த்து இறுக்குங்கள். மூடும்போது உயரத்திலிருந்து விடாதீர்கள். கீழே இறக்கி, லாக்குக்கு நேர் மேலே இரு உள்ளங்கைகளால் அழுத்தினால் 'கிளிக்' என்று விழும். திறந்து மூடி ஐந்தாறு முறை சோதியுங்கள்.

வேகமாக ஓட்டுபவர் என்றால், பானெட்டைக் கூடுதலாகப் பிடித்துப் பூட்டும் 'பானெட் பின்' என்ற ஊசிகள் கண்டிப்பாக வேண்டும் என்பது என் கருத்து. லேசான பானெட்டில் கொக்கி பிடித்திருக்கும் இடம் பிய்ந்தால், காற்று அதை அப்படியே முன்கண்ணாடி மேல் புரட்டிவிடும்.

வெயிலில் நின்றால் ரெசின் மஞ்சளாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) ஏற்கெனவே அடித்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை வாக்ஸ் போடுங்கள்.

முதல் ஓட்டம் குறைந்த வேகத்தில், பக்கத்திலேயே ஒரு சுற்று. முன்விளிம்பு துடிக்கிறதா என்று பாருங்கள். துடித்தால் ரப்பர் பம்பர்களைக் கொஞ்சம் ஏற்றுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் கீல் போல்ட்டுகளையும் கொக்கியையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள்.