ப்ளூபானெட் விதை முளைக்கலையா? இத பண்ணி பாருங்க

டெக்ஸாஸ்ல மார்ச் ஏப்ரல் வந்தா ரோட்டோரம் பூரா நீலமா பூத்து கெடக்குமே ப்ளூபானெட், அந்த மண்ணோட சொந்த லூபின் (பயறு குடும்பத்துச் செடி) பூ, 1901லயே மாநிலப் பூவா அறிவிச்சுட்டாங்க, அத வீட்டு முன்னாடி வளர்க்கணும்னா விதைய வசந்தத்துல போடாதீங்க, செப்டம்பர் அக்டோபர்லயே போட்ருங்க. விதை குட்டி கூழாங்கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், தோல் தண்ணிய உள்ள விடாது, அப்படியே போட்டா நெறைய விதை வருஷக்கணக்கா மண்ணுலயே தூங்கும். அதனால ரெண்டு உப்புத்தாளுக்கு நடுவுல வச்சு லேசா தேய்ங்க, மேல கோடு கோடா கீறல் விழுந்தா போதும், ராத்திரி பூரா தண்ணில ஊறப்போட்டா காலைல நல்லா உப்பியிருக்கும், அத உடனே விதைச்சு மேல கால் இஞ்ச் மண்ணு தூவுங்க.

நல்ல வெயில் வேணும், தண்ணி தேங்கவே கூடாது. உரம் வேணாங்க, நெலக்கடல மாதிரி இதுவும் வேர் முடிச்சுலயே நைட்ரஜன் சேத்துக்கும். குளிர்காலத்துல தரையோட ஒட்டி சின்னதா இருக்கும், களைன்னு பிடுங்கிடாதீங்க! பூ முடிஞ்சதும் வெட்டாதீங்க, காய் பழுப்பாகி தானா வெடிச்சு விதை சிதறட்டும், அடுத்த வருஷத்துக்கு அதான் வேணும். விதைல விஷம் இருக்கு, கொழந்தைங்க வாயில போடாம பாத்துக்கோங்க.