காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓடும் சின்ன போட்டுக்கு லைட் பூட்டுவது எப்படி?

நோர்வூட்டில் த்ரீவீலர் வயரிங் செய்கிற ஆள் நான். காசல்ரீ பக்கம் போட் வைத்திருப்பவர்களும் இடைக்கிடை வருவார்கள். முக்கால்வாசிப் பேர் கேட்பது முன்னால் பளீரென்று அடிக்கிற பெரிய லைட்டைத்தான். கரையைத் தேடுவதற்கு அது சரி. எதிரே வருகிறவருக்கோ கண் கூசும், நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதும் தெரியாது. அதைக் காட்டத்தான் சிவப்பும் பச்சையும்.

இந்த நிறங்கள் 1972இல் வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் உள்ளவை. கடலுக்கும், கடலோடு சேர்ந்து கப்பல் போகக்கூடிய நீருக்கும் எழுதிய விதி அது. மலையில் தேக்கிய தண்ணீருக்கு அது பொருந்தாது என்று சிலர் வாதாடுவார்கள். வாதாடட்டும். போட் ஓட்டிப் பழகிய எவருக்கும் இந்த நிறங்கள்தான் தெரியும், நாமாக வேறு நிறம் பூட்டினால் குழப்பம்தான்.

12 மீட்டர் நீளத்துக்குக் குறைந்த இஞ்சின் போட்டுக்கு, சுற்றிலும் தெரியும் வெள்ளை லைட் ஒன்று, இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இடம் வலம் என்பது போட்டுக்குள் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வருகிற இடம் வலம். கரையில் நின்று, போட்டின் மூக்கைப் பார்த்தபடி பூட்டுகிறவர்கள் இதில்தான் மாற்றிப் பூட்டிவிடுகிறார்கள். வெள்ளை 2 கடல் மைலுக்கும், நிற லைட்டுகள் 1 கடல் மைலுக்கும் தெரிய வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கடையில் வாங்கும்போது பெட்டியில் அந்த அளவைப் பாருங்கள். த்ரீவீலர் சிக்னல் பல்புக்குக் கலர்த் தாள் ஒட்டுவது வேலைக்கு ஆகாது.

வெள்ளையை ஒரு கம்பியில் ஏற்றி, நிற லைட்டுகளுக்கு மேலே குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் வையுங்கள். ஆள் எழுந்து நின்றாலும் மறைக்காத உயரம் இருந்தால் இன்னும் நல்லது. அதற்குக் கீழே கறுப்புத் தகடு ஒன்றைச் செருகினால் ஓட்டுகிறவரின் கண்ணில் வெளிச்சம் விழாது. பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

அப்புறம் சோதனை. போட்டைக் கரையில் ஏற்றி, இருட்டியதும் சுற்றி நடங்கள். நேர் முன்னால் நின்றால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிய வேண்டும். பச்சைப் பக்கம் சில அடி தள்ளினால் சிவப்பு மறைந்துவிட வேண்டும். அப்படியே பின்பக்கமாக நடந்தால், போட்டின் நடுப்பக்கத்தைத் தாண்டிச் சற்றுப் பின்னே வரும்போது பச்சையும் போய்விடும். கணக்குப்படி ஒவ்வொரு நிறமும் நேர் முன்னாலிருந்து அதன் பக்கமாக 112.5 பாகை வரைதான் தெரிய வேண்டும். நேர் பின்னால் வெள்ளை மட்டும். இரண்டு நிறமும் எங்கிருந்தும் தெரிந்தால் அது கோயில் அலங்காரம். நிற லைட்டுகளின் மறைப்புத் தகட்டைச் சரிசெய்யுங்கள்.

ஓடும்போது எதிரே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அவர் நேராக உங்கள் மேல் வருகிறார். இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். உங்கள் வலப்பக்கத்தில் சிவப்பு தெரிந்தால் அவர் குறுக்கே வருகிறார், வழிவிட வேண்டியது நீங்கள். இடப்பக்கத்தில் பச்சை என்றால் அவர் வழிவிட வேண்டும். விடுவாரா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை லைட் எரிய வேண்டும். நம் பக்கத்தில் அதைவிட முக்கியம் பனிமூட்டம்: பகலாக இருந்தாலும் மூடிவிட்டால் சுவிட்சைப் போடுங்கள், வேகத்தையும் குறையுங்கள். கண்ணாடியில் ஈரம் படியும், ஒரு துணி கையில் இருக்கட்டும்.

7 மீட்டருக்குக் குறைந்து, 7 நொட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 13 கிலோமீட்டர் அளவுக்கு மேல் ஓடாத போட்டுக்கு அந்த வெள்ளை லைட் மட்டும் போதும். முடிந்தால் நிற லைட்டும் பூட்டச் சொல்கிறது விதி. துடுப்பு வள்ளத்துக்கு ஒரு டோர்ச் போதும். ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், மோதுவதற்கு முன்பே அடித்துக் காட்ட வேண்டும். சாக்குக்கு அடியில் கிடக்கிற டோர்ச்சால் பயனில்லை.

நங்கூரம் போட்டு நின்றால் நிற லைட்டுகளை அணைத்துவிட்டு வெள்ளையை எரிய விடுங்கள். நங்கூரம் போடாமல் இஞ்சினை மட்டும் நிறுத்தி மிதந்தால், எல்லாம் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.