ஹோட்டல் வேலைக்குப் போறவங்க பண்ற தப்புகள், போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க

பிளஸ் டூ முடிச்சுட்டு கேட்டரிங் சேர்ற பசங்க பண்ற முதல் தப்பு, ஹோட்டல்னாலே கிச்சன்தான்னு நினைக்கறது. கிச்சன், சாப்பாடு பரிமாறற சர்வீஸ், வர்ற கெஸ்ட்டை வரவேற்று ரூம் போட்டுக் கொடுக்கற ஃப்ரண்ட் ஆபீஸ், ரூமைச் சுத்தமா வைக்கற ஹவுஸ்கீப்பிங்னு நாலு பெரிய டிபார்ட்மென்ட் இருக்கு. டிவில சமையல் ஷோ பார்த்து வெள்ளை கோட்டுக்கு ஆசைப்பட்டு கிச்சனுக்குப் போய், மாசக்கணக்கா வெங்காயம் உரிச்சு வெறுத்துப்போய் ஊருக்குத் திரும்பறவங்க நிறைய, அதுல நல்லா பேசத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஃப்ரண்ட் ஆபீஸ் போயிருந்தா அழகா மேல வந்திருப்பான். படிக்கும்போதே ஹோட்டலுக்குப் போய் வேலை கத்துக்கற இன்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங்கை சர்டிபிகேட்டுக்காக ஒப்பேத்தாதீங்க, நம்மால எதுல நிக்க முடியும்னு தெரிய அதைவிட நல்ல சான்ஸ் கிடைக்காது.

காலேஜ் விஷயம் சுருக்கமா சொல்றேன். சென்னை தரமணி, திருச்சி துவாக்குடில அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் இருக்கு, அதை விசாரிக்காம "100% பிளேஸ்மென்ட்"னு போர்டு வச்ச இடத்துல லட்சக்கணக்குல கட்டாதீங்க.

அடுத்தது பிரேக் ஷிஃப்ட். காலைல 11 டு 3, மறுபடி ராத்திரி 7 டு 11னு போடுவாங்க, பார்க்க எட்டு மணி நேரம்தான், ஆனா நடுவுல உள்ள நாலு மணி நேரத்துல தூரத்து ரூமுக்குப் போய் வர்றதுக்குள்ளயே பாதி போயிடும், தூக்கமும் வராது. ஹோட்டல்ல தங்க இடம் தரலைன்னா, வாடகை கொஞ்சம் கூடினாலும் நடக்கற தூரத்துல ரூம் பாருங்க. தீபாவளி, நியூ இயர், முகூர்த்த நாள்லதான் பேங்குவட், அதாவது விருந்து ஹால் நிரம்பும், அன்னிக்கு லீவு கிடைக்காதுன்னு வீட்டுல முதல்லயே சொல்லிடுங்க, தங்கச்சி நிச்சயத்துக்கே போக முடியாம அழுதவங்க இருக்காங்க.

உடம்பை ரொம்பப் பேர் கண்டுக்கறதே இல்ல. ஹவுஸ்கீப்பிங்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு பதினஞ்சு ரூம் வரைக்கும் வரும், ஒவ்வொரு பெட்லயும் மெத்தை ஓரத்தைத் தூக்கி ஷீட்டைச் சொருகணும். இடுப்பை வளைச்சுத் தூக்கினா சீக்கிரமே முதுகு போயிடும், முட்டியை மடக்கி உட்கார்ந்து தூக்குங்க, சீனியர் சிரிச்சாலும் பரவால்ல. சர்வீஸ்ல, கிச்சன்ல நிக்கறவங்க ஷூவுல காசு மிச்சம் பிடிக்காதீங்க, காலுக்கு ஏதாவது வந்தா செலவு அதைவிட எத்தனையோ மடங்கு.

சம்பளம் பேசும்போது டிப்ஸ், சர்வீஸ் சார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போடாதீங்க. பில்லுல சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லன்னு 2022லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, அந்தக் காசு எப்ப வேணா நிக்கலாம். பேசிக் எவ்வளவு, பிஎஃப் பிடிக்கறாங்களா, 21,000க்குள்ள சம்பளம்னா இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டான்னு கேளுங்க. கேட்டா வேலை தரமாட்டாங்கன்னு பயந்து வாய் மூடிக்கிறதுதான் பெரிய தப்பு.

இவ்வளவு சொல்றேனேன்னு வேண்டாம்னு ஓடிடாதீங்க. சாப்பாடு, நிறைய இடத்துல தங்கலும் அவங்களோடது, சம்பளம் அப்படியே வீட்டுக்கு அனுப்பலாம். முக்கியமா இங்க கைத்தொழிலுக்கு மரியாதை இருக்கு, பாத்திரம் கழுவ வந்து தோசைக்கல்லு பிடிச்சு செஃப் ஆனவங்க உண்டு, வேற எத்தனை ஆபீஸ்ல இது நடக்கும் சொல்லுங்க. ஆனா அதுக்கு ஒரே இடத்துல கொஞ்சம் நின்னு கத்துக்கணும், ஆயிரம் ரூபாய்க்காக மூணு மாசத்துக்கு ஒரு ஹோட்டல் மாறினா கடைசி வரைக்கும் கமி (செஃபுக்குக் கீழ இருக்கற ஜூனியர் குக்) லெவல்லயே இருக்க வேண்டியதுதான்.

கல்ஃப் ஆசை இருந்தா விசிட் விசால போய் வேலை தேடலாம்னு சொல்ற ஏஜென்ட்டை நம்பாதீங்க, மாட்டினா நமக்குத்தான் ஃபைன், டிபோர்ட் எல்லாம். ஏஜென்ட்டோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரை மத்திய அரசோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல செக் பண்ணுங்க. ரூல்படி அவங்க வாங்கலாம்னு இருக்கற சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல கேட்டா பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க.